ஒரிஜினல் சான்றிதழைத் தர மறுக்கிறார்கள்: பணம் கட்டுவதா, புகார் கொடுப்பதா, வழக்குப் போடுவதா?

மே மாதமும் டிசம்பர் மாதமும் வந்தால் எனக்கு ஒரே மாதிரியான போன் வரும். "சார், ரிசைன் பண்ணிட்டேன். பதினஞ்சு நாள்ல அடுத்த காலேஜ்ல சேரணும். ஒரிஜினல் கேட்டா, மூணு மாச சம்பளத்தைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போன்னு ஏ.ஓ. (நிர்வாக அலுவலர்) சொல்றார். கட்டிடவா, ஸ்டேஷனுக்குப் போகவா?" முன்பெல்லாம் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள்தான் கேட்பார்கள். இப்போது சின்ன ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பிள்ளைகளும், தனியார் மருத்துவமனை நர்சுகளும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

நிர்வாகத்துக்கு இருக்கும் கவலை பொய் இல்லை. செமஸ்டர் நடுவில் ஒருவர் போனால், இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு ஆய்வுக் குழு வரும்போது இடிக்கும். மூன்று மாதம் பயிற்சி கொடுத்த பையன் நான்காவது மாதம் பெங்களூருக்குப் போனால் கம்பெனிக்கும் நஷ்டம்தான். ஆனால் அதற்காக ஒருவருடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தொடங்கி எம்.இ. டிகிரி வரை இரும்பு பீரோவில் பூட்டி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பது கீழே வரும்.

## முதலில் பாண்டையும் சான்றிதழையும் பிரித்துப் பாருங்கள்

வருகிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். நிர்வாகம் அப்படித்தான் அவர்களை நினைக்க வைத்திருக்கிறது.

இத்தனை காலம் வேலை செய்வேன், அதற்குமுன் விலகினால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் பாண்ட். அது பணப் பிரச்சினை. "எல்லா பாண்டும் செல்லாது, தூக்கிப் போடு" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி, மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று வைத்த நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்காக பாண்டில் எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடும் என்றும் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74இன்படி, நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். பாண்டில் உள்ள தொகை அதற்கு உச்சவரம்பு. உங்களுக்கு என்ன பயிற்சி தந்தார்கள், என்ன செலவானது என்பதை அவர்கள் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும். ஏற்கெனவே எம்.இ. முடித்து வந்த ஆசிரியருக்குக் கல்லூரி என்ன பயிற்சி தந்தது?

சான்றிதழ் அப்படியில்லை. அது உங்கள் சொத்து, அவர்களிடம் இருப்பது சரிபார்க்கக் கொடுத்ததுதான். பாக்கிக்காக அடுத்தவர் பொருளைப் பிடித்து வைக்கும் பொதுவான உரிமையை அதே சட்டத்தின் பிரிவு 171 வங்கியாளர், வழக்கறிஞர் போன்ற சில வகையினருக்குத்தான் தருகிறது. மற்றவர்களுக்கு, வெளிப்படையான ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே. சரி, உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் "சான்றிதழ்களை வைத்துக்கொள்ள சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தால்? அதைக் காட்டத்தான் செய்வார்கள். ஆனால் படிப்புச் சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் அல்ல, அதன்மேல் பிரிவு 171இன் உரிமையைக் கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பிரிவிலேயே பெயர் உள்ள வழக்கறிஞர்கூட, ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அப்படியிருக்க ஒரு கல்லூரிக் கரஸ்பாண்டென்டுக்கு (தாளாளருக்கு) எங்கிருந்து அந்த உரிமை வரும்?

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். பணத்தைப் பற்றிப் பேசத் தயாராக இருங்கள். சான்றிதழை அந்தப் பேச்சுக்கு அடமானமாக வைக்க மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் நான்கு விஷயம் கேட்பேன்.

எத்தனை நாள் இருக்கிறது? அடுத்த வேலையில் சேரும் தேதி, விசா தேதி, கவுன்சலிங் தேதி எதுவானாலும் அதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

கொடுத்ததற்கு என்ன ஆதாரம்? கையெழுத்திட்ட ரசீது இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஜாயினிங் ரிப்போர்ட்டில் சான்றிதழ் பட்டியல், "ஒரிஜினலுடன் வரவும்" என்ற மெயில், "சர்டிபிகேட் ஆபீஸ்ல இருக்கு, டியூஸ் கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்ற வாட்ஸ்ஆப் செய்தி போதும். எதுவுமே இல்லையென்றால், இன்றே பணிவாக ஒரு மெயில் போட்டு, எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கேளுங்கள். பணம் கட்டச் சொல்லிப் பதில் வந்தால், சான்றிதழ் தங்களிடம் இருப்பதை அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

சான்றிதழ் மட்டும் போதுமா, ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் வேண்டுமா? பலர் இதை யோசிப்பதே இல்லை. நான் யோசிக்காமல் இழந்ததும் இதில்தான்.

வேறு எதைக் கையெழுத்திட்டுக் கொடுத்தீர்கள்? தொகை எழுதாத காசோலை, வெற்று ஸ்டாம்ப் பேப்பர், பாஸ்போர்ட். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து; அதை வைத்துக்கொள்ளும் உரிமை எந்த முதலாளிக்கும் கிடையாது.

## வழி 1: கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு வாங்குவது

எல்லாவற்றிலும் வேகமானது இதுதான். சில சமயம் இதுவே சரியான வழியும்கூட. வளைகுடாவுக்குப் போகும் நர்சுக்குச் சான்றொப்பம் வாங்க அசல் கட்டாயம் வேண்டும். பத்து நாளில் விசா காலாவதியாகும் என்றால், நாற்பதாயிரத்தைப் பார்த்து அந்த வேலையை விடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எப்படிக் கட்டுகிறீர்கள் என்பது முக்கியம். 2017இல் கொங்குப் பகுதியில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியை விட்டு வந்தேன். மூன்று மாதச் சம்பளம் 75,000 ரூபாய் கேட்டார்கள். மனைவியின் நகையை வைத்து ரொக்கமாகக் கட்டினேன், ரசீது கேட்கத் தோன்றவில்லை. சான்றிதழ் கைக்கு வந்ததும் ஓடிவந்துவிட்டேன். அனுபவச் சான்றிதழுக்காக ஒரு மாதம் கழித்துப் போனால், "நோ டியூஸ் ஆகலையே" என்றார்கள். பணம் கட்டியதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. புதிய கல்லூரியில் என்னைப் புதிதாகச் சேருகிறவராகத்தான் எடுத்தார்கள். அந்த நான்கு வருடம் இன்றுவரை என் சர்வீஸில் இல்லை. இன்கிரிமென்ட், பதவி உயர்வு என்று கணக்குப் போட்டால், 75,000ஐப் போல் பல மடங்கு போய்விட்டது.

கட்டுவதென்றால் வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள். "சான்றிதழைத் திரும்பப் பெறுவதற்காக, என் ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று அதே நாளில் மெயில் அனுப்புங்கள். வற்புறுத்தலின் பேரில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 72 சொல்கிறது; பின்னால் அதைக் கேட்க இந்த மெயில் உதவும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையையும் சேர்த்து வாங்குங்கள். அதை விட்டுவிட்டு வந்தால், பிறகு ஒரு நாள் தொகையை நிரப்பி வங்கியில் போட்டு, பணம் இல்லையென்று திரும்பியதும் செக் பவுன்ஸுக்கான 138 கேஸ் போடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

## வழி 2: பேசி, குறைத்து முடிப்பது

முழுத் தொகைக்குப் பதில் ஒரு பகுதி, அல்லது செமஸ்டர் முடியும்வரை வேலை, அல்லது பாடத்தை முடித்துக் கொடுப்பது. கல்லூரிகளில் இது நன்றாகவே வேலை செய்யும். அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது பணம் இல்லை, செமஸ்டர் முடியும்வரை வகுப்பில் ஒரு ஆள். பிரின்சிபாலிடம் பேசுவதைவிட, துறைத் தலைவர் மூலம் கரஸ்பாண்டென்டிடம் போனால் சீக்கிரம் முடியும். முடிவு எப்படியும் அவர் கையில்தான்.

சுமுகமாகப் பிரிவதால் ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் சேர்ந்து கிடைக்க அதிக வாய்ப்புள்ள வழி இதுதான். அதனால் கையில் ஒரு மாதத்துக்கு மேல் இருப்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இதில் மறைந்திருக்கும் செலவு நாட்கள்தான். "அடுத்த வாரம் வாங்க", "சேர்மன் ஊர்ல இல்ல" என்று இழுத்தடித்தே உங்கள் சேரும் தேதியைத் தாண்ட வைத்துவிடுவார்கள். பேச ஆரம்பித்த அன்றே ஒரு கடைசித் தேதியை மனதில் வையுங்கள். பத்து நாள் போதும். பேசியதை அன்றன்று மெயிலில் பதிவு செய்யுங்கள்: "இன்று தங்களைச் சந்தித்தேன், வரும் திங்கள் சான்றிதழ் தருவதாகச் சொன்னீர்கள், நன்றி." மரியாதையான மெயில்தான், பின்னால் சாட்சியமாக நிற்கும்.

## வழி 3: மேலே இருப்பவர்களிடம் புகார்

பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு இது பலமான வழி. ஆசிரியர்களின் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சிலான ஏஐசிடிஇயும் அண்ணா பல்கலைக்கழகமும் கல்லூரிகளை எச்சரித்திருக்கின்றன. இணைப்பு அங்கீகாரம் அவர்கள் கையில் இருப்பதால், பதிவாளருக்கு அனுப்பிய மனுவின் நகல் கல்லூரிக்குப் போனாலே சில இடங்களில் பீரோ திறந்துவிடும். ஒரே ஆசிரியரின் பெயரைப் பல கல்லூரிகளில் காட்டிய மோசடி 2024இல் வெளிவந்த பிறகு, ஆசிரியர் பட்டியல் பற்றிய புகாருக்குக் கல்லூரிகள் கூடுதலாகவே பயப்படுகின்றன. உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லியும் அதே மனுவில் எழுதுங்கள். பழைய கல்லூரிக் கணக்கில் பெயர் நின்றுவிட்டால் புதிய கல்லூரியில் சேர்ப்பது சிக்கலாகும்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம், செலவில்லை. தொழிலாளர் துறைக்குப் போவதில் மட்டும் ஒரு தடை உண்டு. ஆசிரியர் சட்டப்படி 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நர்சுகளுக்கும் டெக்னீஷியன்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஐ.டி. கம்பெனிக்கு மேலே பல்கலைக்கழகம் மாதிரி ஒரு அமைப்பு இல்லாததால், அவர்களுக்கு இந்த வழியில் பெரிய பலன் இல்லை.

## வழி 4: போலீஸில் மனு

ஸ்டேஷனில் முதலில் கேட்கப்போவது "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பதுதான். அதனால் மனுவில் பாண்ட் கதையை எழுதாதீர்கள். இன்ன தேதியில் சரிபார்க்க ஒப்படைத்தேன், இன்ன தேதியில் எழுத்தில் திருப்பிக் கேட்டேன், பணம் கொடுத்தால்தான் தருவோம் என்கிறார்கள் என்று மூன்று வரி போதும். நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையின்றித் தன்வசம் வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316இன்படி நம்பிக்கை மோசடி, ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. 2024 ஜூலைக்கு முன்பு இதைத்தான் இ.பி.கோ. 406 என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எஃப்.ஐ.ஆர். உடனே போடமாட்டார்கள். புதிய நடைமுறைச் சட்டப்படி இந்த அளவு தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்த அவர்களுக்கு இடமுண்டு. ஆனால் மனு பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். மனுவை வாங்க மறுத்தால் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

பெரும்பாலும் அதுவரை போவதில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு ஆசிரியையிடம் ஜாயினிங் ரிப்போர்ட்டின் போட்டோ ஒன்றுதான் இருந்தது. அதில் சான்றிதழ் பட்டியலும் அலுவலக முத்திரையும் இருந்தன. சி.எஸ்.ஆர். போட்டதும் எஸ்.ஐ. கல்லூரிக்குப் போன் செய்தார். நான்காம் நாள் எல்லாச் சான்றிதழும் கையில். "எங்களிடம் கொடுத்ததே இல்லை" என்று கல்லூரியால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அனுபவச் சான்றிதழ் வர எட்டு மாதம் ஆனது, அதுவும் பல்கலைக்கழகத்துக்கு மனு போட்ட பிறகு.

இந்த வழியின் விலை அதுதான். ஸ்டேஷன் வரை போன பிறகு நல்லபடியாக ரெஃபரன்ஸ் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். சின்ன ஊரில், கல்லூரி முதலாளிக்கும் ஸ்டேஷனுக்கும் நெருக்கம் என்றால், எஸ்.பி. அலுவலகத்திலிருந்தே தொடங்குவது நல்லது.

## வழி 5: வக்கீல் நோட்டீஸும் வழக்கும்

நோட்டீஸையும் வழக்கையும் தனித்தனியாகப் பாருங்கள். நோட்டீஸ் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தேவை. சில ஆயிரம் ரூபாயில் முடியும், கம்பெனி ஹெச்.ஆர். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே சட்ட ஆலோசகரைக் கேட்டுவிட்டு இறங்கி வருவார். ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபாலை 2025இல் அதோடு இணைத்துவிட்டார்கள். ஒப்படைத்த பொருளை மீட்க, கேட்டு மறுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு காலவரம்பு. அந்த நாளைக் காட்டவும் இந்த நோட்டீஸ் பயன்படும்.

வழக்கு என்றால் முன்சீப் நீதிமன்றத்தில், சான்றிதழை ஒப்படைக்க உத்தரவு கேட்டுப் போடுவது. இடைக்கால உத்தரவு கிடைத்தால் சில மாதம், கிடைக்காவிட்டால் வருடக் கணக்கு. ஐ.டி. பிள்ளைகள் தங்கள் ஆர்டரில் "நீதிமன்ற எல்லை பெங்களூரு" என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் ஏற வேண்டி வரும். நீங்கள் வழக்குப் போட்டால் அவர்கள் பாண்ட் பணத்துக்கு எதிர்க்கோரிக்கை வைப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். உதவி எண் 15100. வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசச் சொல்லியும் அங்கே மனு கொடுக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

## வழி 6: விட்டுவிட்டு நகல் சான்றிதழ் வாங்குவது

"தொலைந்துவிட்டது என்று சொல்லி டூப்ளிகேட் வாங்கிவிடு" என்று நண்பர்கள் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தொலைந்ததாகப் போலீஸில் பதிந்து பிரமாணப் பத்திரம் கொடுப்பது பொய்த் தகவல், அதுவே குற்றம். நேற்றுவரை நியாயம் உங்கள் பக்கம். அந்த ஒரு காகிதத்தை வைத்துக் கல்லூரி உங்கள்மேல் புகார் கொடுக்க முடியும்.

இடைக்கால ஏற்பாடாக டிஜிலாக்கர் உதவும். அதில் வழங்கும் நிறுவனமே ஏற்றிய ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017 முதல் விதி இருக்கிறது. உங்கள் மதிப்பெண் பட்டியலும் பட்டமும் அதில் இருந்தால், புதிய நிறுவனத்திடம் நிலைமையை மறைக்காமல் சொல்லி, அதை வைத்துச் சேர அனுமதி கேளுங்கள். உங்கள் நோட்டீஸ் நகலையும் காட்டுங்கள். பல ஹெச்.ஆர்.கள் இரண்டு மாதம் அவகாசம் தருவதைப் பார்த்திருக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆகும் காலம் | கைச்செலவு | அனுபவச் சான்றிதழ் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| பணம் கட்டுவது | ஓரிரு நாள் | அதிகம் | எழுதி வாங்கினால் மட்டும் | விசா, சேரும் தேதி நெருக்கத்தில் இருப்பவர் |
| பேசி முடிப்பது | 1–4 வாரம் | நடுத்தரம் | பெரும்பாலும் கிடைக்கும் | அதே துறையில் தொடர்பவர் |
| மேலிடப் புகார் | சில வாரம் முதல் சில மாதம் | இல்லை | கேட்டு வாங்கலாம் | கல்லூரி ஆசிரியர் |
| போலீஸ் மனு | சில நாள் முதல் சில வாரம் | மிகக் குறைவு | கடினம் | ஆதாரம் உள்ளவர், அனுபவச் சான்றிதழ் தேவையில்லாதவர் |
| நோட்டீஸ் | 2–3 வாரம் | குறைவு | சில சமயம் | ஐ.டி. உள்பட எல்லோரும் |
| வழக்கு | மாதங்கள், வருடங்கள் | அதிகம் | உத்தரவில் கேட்க வேண்டும் | மற்ற வழி அடைபட்டவர் |

## நான் என்றால் என்ன செய்வேன்

ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால், முதல் நாளே எழுத்தில் கேட்டுவிட்டு, பத்து நாள் பேசிப் பார்ப்பேன். படியவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸும் பல்கலைக்கழக மனுவும் ஒரே நாளில். நோட்டீஸ் கெடு முடிந்த மறுநாள் ஸ்டேஷன்.

பத்துப் பதினைந்து நாள்தான், ஆதாரமும் இருக்கிறது என்றால் பேச்சில் நாளைக் கழிக்காமல் நேராகப் போலீஸ் மனு, கூடவே புதிய நிறுவனத்திடம் அவகாசம். ஆதாரமும் இல்லை, நாளும் இல்லை என்றால் ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டு வங்கி வழியே பணம். ஓராண்டுக்கும் குறைவான அனுபவம் உள்ள ஐ.டி. பிள்ளைகளுக்கு அந்த அனுபவச் சான்றிதழ் பெரிய விஷயம் இல்லை. அதற்காக இரண்டு லட்சம் கட்டாதீர்கள். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைக் கம்பெனி போடவில்லை என்றால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் பதியலாம். அதைச் சொல்லி மிரட்டினாலும் பயப்பட வேண்டாம்.

எட்டுப் பத்து வருடம் ஒரே கல்லூரியில் இருந்தவர்கள் விஷயம் வேறு. அந்த அனுபவத்தை என்னைப் போல விட்டுவிடாதீர்கள். இரண்டு மாதம் கூடுதலாக ஆனாலும் பேசி, ரிலீவிங் ஆர்டரோடு வெளியே வாருங்கள்.

கடைசியாக, சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் தனியாகப் போகாதீர்கள். ஒவ்வொன்றாக எடுத்து, மார்க் ஷீட் எண், பின்பக்கம், டி.சி. எல்லாம் சரியா என்று அங்கேயே பாருங்கள். "எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். வாங்கிய சான்றிதழ்களின் பெயரை மட்டும் எழுதி, மற்ற வரிகளை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சம்பள பாக்கி இருந்தால் அது இன்னும் உங்களுக்கு வர வேண்டிய பணம்தான்.